நாற்பதாம் பக்கத்து வட்டம்

அந்த அம்மாள் புத்தகத்தை எடுத்துப் பார்த்த விதம்தான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

நூலகத்துக்கு வருகிறவர்கள் ஒரு புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அட்டையைப் பார்ப்பார்கள். பின்னட்டையில் நாலு வரி படிப்பார்கள். சிலர் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கதாநாயகி உயிரோடு இருந்தால் மட்டும் எடுத்துப் போவார்கள். எங்கள் ஊரில் ஒருவர் கையில் வைத்து எடை பார்ப்பார். கனமாக இருந்தால் இரண்டு வாரம் தாங்கும் என்று அவருக்கு ஒரு கணிப்பு.

இந்த அம்மாள் அதெல்லாம் எதுவும் செய்யவில்லை. ஒரு நாவலை உருவினார். நேராக ஒரு பக்கத்தை விரித்தார். அதன் கீழ் ஓரத்தை மட்டும் பார்த்தார். மூடி வைத்தார். அடுத்ததை உருவினார். அதே பக்கம், அதே ஓரம். மறுபடி மூடினார். இப்படியே இரண்டு தட்டுகளை முடித்துவிட்டு மூன்றாவதற்குக் குனிந்தார்.

"என்னம்மா தேடறீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் எங்க சார் போச்சி?"

"எது?"

"குறி சார். பக்கத்துல பென்சில்ல குறி போட்டிருக்குமே. ஒண்ணுத்துலயும் காணோம்."

எனக்குப் பெருமை பொங்கியது. "நாங்கதாம்மா அழிச்சோம். எல்லாப் புத்தகமும் சுத்தமாயிடுச்சு பாருங்க" என்றேன்.

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். பிறகு நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

பார்சல் சார்

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் பழகியிருக்கும். இந்த வாரம் புதிதாக நுழைந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் அரக்கோணம் ரயில் நிலையத்தில் பார்சல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். திருத்தணியில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீடு காட்ட ஆள் கிடையாது. பார்சல் சார் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததுதான் என் தகுதி.

எதையும் நோட்டில் எழுதினால்தான் எனக்கு அது நடந்த மாதிரி. படித்த புத்தகங்களையும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். வரிசை எண், தலைப்பு, எழுதியவர், எப்படி இருந்தது என்று ஒரு வரி. நீள நோட்டுகள் நாலு சேர்ந்துவிட்டன. படிக்கிற எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தில் யாராவது கை வைத்தால் எனக்கு ஆகவே ஆகாது. வேலைக்குப் போன காலத்தில் காலை மின்சார ரயிலில் என்னோடு ஒரு நண்பர் வருவார். தடித்த நாவல் ஒன்று அவரிடம் இருந்தது. எனக்கும் அதைப் படிக்க ஆசை. நீங்கள் முடித்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். மறுவாரம் அவர் முதல் பாதியைத் தனியாகக் கிழித்து, ஓரத்தில் நூல் போட்டுத் தைத்து எடுத்து வந்தார். "நீ இதப் படி, நான் மீதியப் படிக்கறேன். ஏன் ரெண்டு பேரும் காத்துகினு இருக்கணும்?" என்றார்.

அவரோடு மூன்று மாதம் பேசவில்லை. அந்தப் பாதியை மட்டும் வாங்கிப் படித்துவிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ரப்பர் ஞாயிறுகள்

வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும். ஆளுக்கு ஐந்து நிமிடம், படித்த ஒரு புத்தகத்தை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். மசால் வடை வருகிற வரை பத்துப் பேர் இருப்பார்கள், வடை வந்து போனபின் ஆறு பேர். கிருத்திகையில் கூட்டம் வைத்தால் அதுவும் கிடையாது. காவடிக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பொதட்டூர்பேட்டையில் இருந்து வரும் நெசவாளர்கள் இரண்டு பேரும் அங்கிருந்தே திரும்பிப் போய்விடுவார்கள்.

ஐந்து நிமிடம் என்பது பேச்சுக்குத்தான். நாங்கள் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசுவோம். நான் இருபது நிமிடம் பேசுவேன். அப்படிப் பேசிய எந்தப் புத்தகத்தையும் மறுநாள் யாரும் எடுத்ததில்லை என்று நூலகர் பரிமளா மேடம் ஒருமுறை போகிற போக்கில் சொன்னார். எனக்கு முகம் தொங்கிப் போனது.

வட்டத்துக்கு உருப்படியாக ஒரு வேலை வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு நாவலைப் புரட்டியபோது ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம் இருந்தது. வேறொரு பக்கத்தில் ஒரு புள்ளி. இன்னும் தள்ளி ஒரு பெருக்கல் குறி. அடுத்த புத்தகத்திலும் அதே கதை. எனக்கு மண்டை சூடாகிவிட்டது.

"பொதுப் புத்தகத்துல இப்படிக் கிறுக்கி வெச்சிருக்காங்க மேடம். எல்லாத்தையும் அழிச்சுடலாம்" என்றேன்.

"எல்லாத்தையும் கிறுக்கல்னு சொல்ல முடியாது சார். வுட்ருங்களேன்" என்றார் பரிமளா மேடம்.

"நீங்க இடம் குடுக்கறதாலதான் மேடம் இப்படி ஆவுது."

அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தப் போய்விட்டார். அது என்ன சிரிப்பு என்று நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வேலை நடந்தது. வட்டத்தில் என்னைத் தவிர யாரும் கைகொடுக்க வரவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. பக்கத்துக் கல்லூரியில் சொல்லி மாணவிகள் பன்னிரண்டு பேரை வரவழைத்தேன். ஆளுக்கு ஒரு ரப்பர். பக்கம் பக்கமாகத் திருப்பி அழித்தார்கள். தெலுங்குப் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி உண்டு. எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது, ஆனால் அழிக்கத் தெரியுமே! அதையும் விடவில்லை. மேசையெல்லாம் ரப்பர் துகள். படம் எடுத்து வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டே இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. ஒன்று என் மருமகளுடையது.

மோட்டார் கொட்டாய்

பரிமளா மேடம் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்தார். பெயர் தேசம்மா. ஆர்.கே.பேட்டை போகும் வழியில் ஒரு கிராமம். சொந்த நிலம். கடலை, நெல், ஒரு துண்டில் மல்லி. கடலை பிடுங்குகிற நேரமாக இருந்ததால் ஒரு மாதமாக நூலகத்துக்கு வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழம ஆனா சைக்கிள எடுத்துகினு கெளம்பிடுவாரு சார். எங்க போறீங்கன்னு கேட்டா 'டவுனுக்கு'ன்னுவாரு. அவ்ளோதான். இருவது வருசமா அதே பதிலு."

"நீங்க விட்டுட்டீங்களா?"

"வுடுவனா? சண்ட போட்டிருக்கேன். டவுன்ல வேற வூடு வெச்சிகினு கீறாரான்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். சிரிப்பாரு. அவரு சிரிச்சா எனக்கு இன்னும் ஆத்திரமா வரும். ஒருநாளு சட்டைய மோந்து பாத்தேன். பூ வாசனையும் இல்ல, பவுடர் வாசனையும் இல்ல. பழைய பேப்பர் வாசன."

கணவர் கன்னியப்பன் மாரடைப்பில் போய் அப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, வயலில் பம்புசெட் இருக்கிற மோட்டார் கொட்டாயை மகன் சுத்தம் செய்திருக்கிறான். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, யூரியா சாக்கில் சுற்றி இரண்டு புத்தகங்கள். உள்ளே நூலக முத்திரை.

"'எம்மா, நைனா இதுக்குத்தான் டவுனுக்குப் போயிருக்காரு'ன்னு புள்ள கொண்டாந்து குடுத்தான்."

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் பஸ்ஸில் அவற்றைப் புரட்டியிருக்கிறார். ஒன்றில், நாற்பதாம் பக்கத்தின் கீழ் ஓரத்தில், ஒரு வட்டமும் அதன் நடுவில் நெடுக ஒரு கோடும். தேசம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த குறி அது. மண்டியில் மற்றவர்கள் மூட்டையோடு கலந்துவிடாமல் இருக்கக் கன்னியப்பன் தங்கள் கடலை மூட்டைகளில் கறுப்பு மையால் போடுகிற குறி.

"இங்க வந்து அலமாரில ஒண்ண எடுத்துப் பாத்தேன். நாப்பதாம் பக்கத்துல இருந்திச்சி. இன்னொண்ண எடுத்தேன். அதுலயும் இருந்திச்சி. ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சி."

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் தேசம்மா. அன்றைக்கே உறுப்பினர் ஆகிவிட்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் ஆரம்பித்து, வட்டம் போட்ட புத்தகமாகத் தேடித் தேடி, இரண்டு வருடத்தில் முப்பத்தோரு புத்தகம் முடித்திருந்தார்.

"இன்னும் எத்தினி கீதுன்னு தெரியாது சார். எங்கிட்ட ஒண்ணுமே சொல்லாத மனுசன் அப்படி இன்னாத்த படிச்சிகினு இருந்தாருன்னு தெரிஞ்சிக்கணும். சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்பு கேக்க ஆள் இல்ல. இதயாவது தெரிஞ்சிக்கலாம்னு பாத்தேன். நீங்க அழிச்சிட்டீங்க."

கத்தவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் பரிமளா மேடத்திடம் ஓடினேன். பதிவேட்டில் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்டேன்.

"புத்தகம் திரும்பி வந்தா அவங்க கார்டை அவங்ககிட்டயே குடுத்துடுவோம் சார். யாரு எதைப் படிச்சாங்கன்னு இங்க எழுத்து கிடையாது. அதுக்குத்தானே ஜனங்க பென்சில்ல போட்டு வெச்சாங்க" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஆளுக்கு ஒரு பக்கம்

மறுநாள் காலையில் என் வண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் காதர் பாயின் ஒர்க்ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன். காதர் பாய் வாசகர் வட்டத்தின் தூண். சரித்திர நாவல் என்றால் சாப்பாடு வேண்டாம். கையில் கிரீஸ் ஒட்டியிருக்கும் என்று சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் நூலகத்துக்குள் வருவார். அவரிடம் மனபாரத்தை இறக்கி வைக்கலாம் என்று போனேன்.

"வாங்க பார்சல் சார். உங்களத்தான் தேடிகினு இருந்தேன்" என்றார். குரலில் வழக்கமான குளிர்ச்சி இல்லை.

"என்ன பாய்?"

"போன வாரம் ஒரு நாவல் எடுத்தேன். நூத்தி அறுவது பக்கம் போனப்புறம் எதிரி ராஜா பாலத்த ஒடைக்கறான். அப்பத்தான் ஞாபகம் வருது, இத நான் முன்னாடியே ரெண்டு வாட்டி படிச்சிட்டேன்! மூணாவது வாட்டி படிச்சிகினு கீறேன்!"

அவருடைய குறி ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு புள்ளி. ஐம்பத்திரண்டு அவர் கடையின் கதவு எண். ஒரு புத்தகத்தை முடித்ததும் அங்கே ஒரு புள்ளி வைத்துவிடுவார். அடுத்த முறை தெரியாமல் எடுத்தால் புள்ளியைப் பார்த்ததும் திரும்ப வைத்துவிடுவார். வயதானவர்களுக்குப் படித்தது மறந்துவிடுகிறது. தலைப்பைப் பார்த்து எல்லாவற்றையும் நினைவுபடுத்திக்கொள்ள முடியுமா?

"இதை எல்லாருமா செய்யறீங்க?" என்றேன்.

"எல்லாரும் செய்யறாங்கன்னு எனக்கே நேத்துதான் சார் தெரியும். நான் மட்டும் திருட்டுத்தனமா செய்யறதா நெனச்சிகினு இருந்தேன். டீக்கடையில பொதட்டூர்பேட்டைக்காரரு பொலம்பறாரு. அவரு நட்சத்திரமாம். கிறுக்காதீர்னு போர்டு கீது இல்ல? அதான் ஒருத்தரும் வாயத் தொறக்கல. அத்தன பேரும் ஆளுக்கு ஒரு பக்கத்த வெச்சிகினு கமுக்கமா செஞ்சிகினு இருந்திருக்கோம். நீங்க ரப்பர் எடுத்துகினு கூப்புட்டா எப்படி சார் வருவோம்?"

பிறகு பிரேக் கம்பியை இழுத்துக்கொண்டே, "உங்கள மாரி நோட்டுப் போட்டு எழுத எல்லாருக்கும் முடியுமா சார்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

தேசம்மாவின் கதையைச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"வட்டத்துல ஒரு கோடா? பாத்திருக்கேன் சார்! நெறைய பாத்திருக்கேன். அந்தாளு யாருன்னு தெரியாது. ஆனா வட்டம் போட்ட புக்கு ஒண்ணுகூட மோசம் போனதில்ல. என்னா எடுக்கறதுன்னு தெரியலன்னா நாப்பதாம் பக்கத்தத் தொறந்து பாப்பேன். வட்டம் இருந்தா கண்ண மூடிகினு எடுத்துகினு போவேன்."

நான் இருபது நிமிடம் தொண்டை கிழியப் பேசி எடுக்க வைக்க முடியாத புத்தகத்தை, மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்து படித்த ஒரு மனிதர் ஒரு வட்டத்தால் எடுக்க வைத்திருக்கிறார். அவருக்கே அது தெரியாது.

"அந்தாளு அழுத்தி எழுதற ஆளா சார், லேசா எழுதற ஆளா?" என்று கேட்டார் காதர் பாய்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அழுத்தி எழுதற ஆளா இருந்தா ஒரு வழி கீது."

சேசிஸ் நம்பர்

வண்டியைப் பெயர் மாற்றம் செய்யும்போது சேசிஸ் நம்பரைப் பென்சில் தேய்த்துத் தாளில் பிடித்துக் கொடுப்பார்கள். வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். இரும்பின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் பள்ளமான எண் வெள்ளையாக எழுந்து வரும். காதர் பாயின் யோசனை அதுதான். ரப்பர் கரியைத்தான் எடுக்கும், பள்ளத்தை எடுக்காதே!

பரிமளா மேடம் போன் செய்ய, அடுத்த ஞாயிறு தேசம்மா வந்தார். நம்பிக்கை இல்லாமல்தான் வந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. வட்டம் இருந்தது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தோம். நாற்பதாம் பக்கத்து ஓரத்தில் காதர் பாய் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து, தூசி தட்டுகிற மாதிரி லேசாகத் தேய்த்தார். தாள் சாம்பல் நிறமானது. அதற்குள் வெள்ளையாக ஒரு வளைவு வந்தது. பிறகு வட்டம் முழுசாக வந்தது. பிறகு கோடு.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"மூட்டையில மை போட்ட கை. அமுக்கித்தான் எழுதும்" என்றார் தேசம்மா. பிறகு புத்தகத்தில் அந்த ஏட்டைத் திருப்பி, முப்பத்தொன்பதாம் பக்கத்தில் விரலை வைத்துத் தடவினார். "பாய், பேப்பரே வாணாம். இந்தப் பக்கம் பொடச்சிகினு கீது."

நான் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. காதர் பாய் தடவினார். அவருக்கும் தெரியவில்லை. அந்த விரலுக்கு மட்டும்தான் தெரிந்தது.

நான் உருவுவேன், காதர் பாய் விரித்துப் பிடிப்பார், தேசம்மா தடவுவார். "ஆங்" என்றால் நோட்டில் ஏறும். "இல்ல" என்றால் அலமாரிக்குப் போகும். நாலு ஞாயிறு அலமாரி அலமாரியாக இந்த வேலை நடந்தது. தடவித் தடவி விரல் மரத்துவிட்டால் தேசம்மா வெந்நீர் கேட்டு வாங்கிக் கையை நனைத்துக்கொள்வார்.

அவர் படித்தவை

மொத்தம் எண்பத்தேழு 'ஆங்'. நோட்டை முதலில் இருந்து ஒருமுறை வாசித்தேன். கப்பல் கதைகள், பனிமலை ஏறியவர்கள் கதை, கிரகங்கள், பறவைகள், யாரோ ஒரு வெளிநாட்டு ராணியின் வாழ்க்கை.

"கடலுன்னா மெரினாவுல ஒருவாட்டி கால் நனச்சதோட சரி" என்றார் தேசம்மா. "அந்தாண்ட திருப்பதி, இந்தாண்ட மெட்ராஸ். அதத் தாண்டிப் போனதில்ல. இங்க கப்பல்ல சுத்திகினு இருந்திருக்காரு பாரேன்!"

சமையல் அலமாரியைத் தொட வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். தேசம்மா கேட்கவில்லை. வெளிநாட்டுப் பலகாரங்கள் பற்றிய ஒரு புத்தகத்தில் விரல் நின்றது. "ஆங்" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதான் ஒருநாளு முட்டையையும் பாலையும் அடிச்சி, சக்கர போட்டு, இட்லிப் பானையில வேக வைய்யின்னாரு! பித்துப் பிடிச்சிருச்சான்னு கேட்டேன். பாவம், கம்முனு போயி கஞ்சிய குடிச்சிட்டுப் படுத்துட்டாரு."

கடைசியாக மருத்துவ அலமாரி. நூறு பக்கம்கூட இல்லாத ஒரு சின்னப் புத்தகம். தேசம்மாவின் விரல் அதன்மேல் போய் நின்றது. "ஆங். இது இன்னா புத்தகம் சார்?"

எனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. பரிமளா மேடம் வாங்கிப் பார்த்து, "கர்ப்பப்பை ஆப்ரேஷன் ஆனவங்களை எப்படிப் பாத்துக்கணும்னு எழுதினதும்மா" என்றார்.

தேசம்மா புத்தகத்தை வாங்கிக்கொண்டார். முப்பத்தொன்பதாம் பக்கத்தை மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"எனக்கு ஆப்ரேசன் ஆயி வூட்டுக்கு வந்தப்போ, கொடம் தூக்காத, குனிஞ்சி பெருக்காதன்னு ஒண்ணொண்ணா சொல்லிகினே இருந்தாரு. மூணு மாசம் அவருதான் தண்ணி எடுத்தாரு. தெருவே சிரிச்சிது. டாக்டரு சொல்லி அனுப்பிச்சிருக்காருன்னு நெனச்சேன்" என்றார். "இத எடுக்கப் போன ஞாயித்துக்கெழமையிலயும் நான் சண்டதான் போட்டிருப்பேன் சார். இந்த மனுசன் மேலயா சந்தேகப்பட்டேன்."

பரிமளா மேடம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். காதர் பாய் வண்டியைப் பார்க்கிற மாதிரி வாசலுக்குப் போய்விட்டார். நான் வரிசை எண் எழுதுகிறவன்போல நோட்டில் குனிந்துகொண்டேன். எழுத்து தெரியவில்லை. கண் அப்படி நிறைந்திருந்தது.

ஐந்து நிமிடம்

பட்டியலை நகல் எடுத்துக் கொடுத்தேன். அதில் மீதி இருந்ததைப் படித்து முடிக்கத் தேசம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கும் மேல் ஆனது. இதற்கிடையில் நூலகத்தில் மறுபடியும் நட்சத்திரமும் புள்ளியும் முளைக்க ஆரம்பித்துவிட்டன. 'கிறுக்காதீர்' பலகை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நானும் அதே கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றும் என் கண்ணில் படுவதில்லை.

எண்பத்தேழாவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு தேசம்மா ஒன்றரை மாதம் வரவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வருத்தமாக இருந்தது. வராத ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கே வேடிக்கையாகவும் இருந்தது.

இந்த வருடம், வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, வட்டக் கூட்டம். நான் பேசி முடித்தேன். சுருக்கமாக, பத்தே நிமிடம். காதர் பாய் பேசினார். "வேற யாராவது?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டு வடைப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. தேசம்மா. கூட்டத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. எப்போது உள்ளே வந்தார் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

கையில் ஒரு நாவல். மைக் கிடையாது, மேடை கிடையாது. இருந்த இடத்திலேயே நின்றார்.

"இது அவரு படிக்காதது" என்று ஆரம்பித்தார். "சாரு குடுத்த பட்டியல்ல இல்ல. நானா எடுத்தேன்."

ஒரு பெண் தன் நிலத்தில் தனியாகக் கிணறு வெட்டுகிற கதை. தண்ணீர் வராது என்று ஊரே சொல்கிறது. அவள் வெட்டிக்கொண்டே போகிறாள். தேசம்மா அதைச் சொன்னபோது எங்கே பாறை வருகிறது, எங்கே மண் சரிகிறது என்று கையாலேயே காட்டினார். எழுதியவருக்குக் கிணறு வெட்டத் தெரியாது என்று ஓர் இடத்தைச் சொல்லி அழகாக நிரூபித்தார். "நடுவுல கொஞ்சம் இழுக்கறாங்க. பொறுத்துக்குங்க. தாண்டிட்டீங்கன்னா அப்பறம் கீழ வெக்க முடியாது" என்றார்.

"தண்ணி வந்துச்சா?" என்றார் காதர் பாய்.

"அத நான் சொல்ல மாட்டேன் பாய்."

எல்லோரும் சிரித்தார்கள். தேசம்மா உட்காரவில்லை.

"நேத்து மத்தியானம் முடிச்சேன். முடிச்ச ஒடனே யாராண்டயாவது சொல்லணும்னு மனசு கெடந்து அடிச்சிகிச்சி. அவரு நெனப்புதான் மொதல்ல வந்திச்சி. கோவமா வந்திச்சி. ஏன்யா, இத்தினி படிச்சியே, ஒருநாளாவது என்னாண்ட வந்து இந்த மாரி ஒரு கதன்னு சொன்னியா? சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா? எப்படித்தான் எல்லாத்தையும் உள்ளயே வெச்சிகினு இருந்தாரோ தெரியல. என்னால முடியல. அதான் பஸ் ஏறி உங்களாண்ட சொல்ல வந்தேன்."

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. காதர் பாய் எழுந்து பின்வரிசைக்குப் போய், புத்தகத்துக்காகக் கை நீட்டினார்.

தேசம்மா கொடுத்தார். ஆனால் பிடியை உடனே விடவில்லை.

"படிச்சிட்டு வந்து என்னாண்ட சொல்லணும் பாய். கம்முனு இருந்துடக் கூடாது."